குமரி காத்திருப்பாள், முழங்கால் காத்திராது

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் கரிசல் பூமியின் நடுவே அமைந்தது இளையரசனேந்தல். கண்ணுக்கெட்டிய தூரம் கரிய மண். பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரி நிலம். இவ்வூர் மக்களுக்கு நீர் என்றால் கண்மாய் நீர். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. ஆயினும் தெற்கே மூன்று மணி நேரப் பயணத்தில் மூன்று கடல்கள் கூடும் முனை இருக்கிறது. அங்கே கன்னியாக நின்று தவம் புரிகிறாள் அன்னை பகவதி.

அவ்வூரில் ஒரு முதிய தம்பதியை வாசகர்கள் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பெயர் வேண்டா. ஏனெனில் நம் ஒவ்வொருவர் தெருவிலும் அப்படி ஒரு தம்பதி இருக்கிறார்கள். சில வீடுகளில் அவர்கள் நாமேதான். கணவருக்கு எழுபத்தொன்று, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு அறுபத்தாறு. மகள் மணமாகி மதுரையில், மகன் பெங்களூரில்.

மகளின் திருமணம் தட்டிக்கொண்டே போன காலத்தில், அந்த அம்மையார் குமரியன்னைக்கு ஒரு பட்டுப்புடவை சார்த்துவதாக வேண்டிக்கொண்டார். திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டே போவதாக இருந்தது; மகனுக்குத் தேர்வு வந்தது. பிறகு மழை தவறிய ஆண்டு; பிறகு மகள் பேறுகாலம்; பிறகு கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஒருமுறை புடவையே வாங்கி வைத்தாயிற்று. அந்த வாரம் மாமியார் படுக்கையில் விழுந்தார். புடவை மஞ்சள் துணியில் சுற்றப்பட்டுப் பீரோவின் மேல்தட்டுக்குப் போயிற்று. இப்படியே பதினெட்டு ஆண்டுகள்.

இவ்வாண்டு மகன் தொலைபேசியில் ஒரு திட்டம் சொன்னான். டிசம்பர் கடைசி வாரத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை. காரிலேயே கிளம்பிக் கன்னியாகுமரி, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டம் கடற்கரை, அப்படியே கோவளம், திருவனந்தபுரம். நான்கு நாட்களில் பதினான்கு இடங்கள். "அம்மா, உங்கள் பிரார்த்தனையும் இதில் முடிந்துவிடும்" என்றான்.

அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் அம்மையார் பதில் சொல்லவில்லை. அன்றிரவு பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடித்த கோட்டிலேயே இற்றுப்போய் விரல் பட்டதும் கிழிந்தது. கிழிந்த துணியை அன்னைக்குச் சார்த்தலாகாது. அவர் அழவில்லை. "ஏங்க, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காம வச்சிருந்தா இப்படித்தான் ஆகும் போல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் கணவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். அவர் போட்ட திட்டமே இவ்வாரப் பத்தியின் பொருள்.

எந்த மாதம்?

யாத்திரைத் திட்டத்தில் முதல் கேள்வி எங்கே தங்குவது என்பதன்று. எப்போது போவது என்பதே. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். குமரிக் கடல் கொந்தளிக்கும். படகு நிற்கும் நாட்கள் மிகுதி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் வெயில். கல் பிராகாரத்தில் நண்பகலில் வெறுங்காலோடு நடப்பது முதியோருக்கு ஆகாது.

மார்கழி குளிர்ந்த மாதந்தான். ஆனால் கார்த்திகை முதல் நாளில் மாலையணிந்த ஐயப்ப பக்தர்கள், மகர விளக்கு வரையிலும் குமரிக்குக் கூட்டங்கூட்டமாக வருவார்கள். சுசீந்திரத்தில் மார்கழித் தேர்த் திருவிழா. போதாக்குறைக்கு அரையாண்டு விடுமுறை. ஆக, மகன் சொன்ன டிசம்பர் கடைசி வாரமே ஆண்டின் மிக நெரிசலான வாரம். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க இயலாத முழங்காலுக்கு அது உகந்த காலமன்று.

மகர விளக்கு கழிந்த பிறகு, தை மாதத்தின் பின்பாதியைப் பெரியவர் பென்சிலால் வட்டமிட்டார். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது, பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. குமரியில் கதிரவன் கடலில் மறையும் காட்சி ஆண்டு முழுவதும் கிட்டாது. உத்தராயணம் முதிர்ந்த கோடை மாதங்களில் சூரியன் வடமேற்கே நிலப்பக்கமாக மறைவான். தென்மேற்கே கடலுள் இறங்குவதைக் காணப் பனிக்கால மாதங்களே ஏற்றவை.

தை அமாவாசையை மட்டும் தவிர்க்க வேண்டும். அன்று முக்கடல் துறையில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வோர் கூட்டம் கடலைப் போல் பெருகும். தர்ப்பணம் செய்வதே நோக்கமாயின் அன்று போகத்தான் வேண்டும். துணைக்கு இளையவர் ஒருவர் இருத்தல் கட்டாயம்.

எதை விடுவது?

பெரியவர் நோட்டில் இரண்டு பத்திகள் வரைந்தார். ஒன்றின் தலைப்பு 'கட்டாயம்', மற்றொன்று 'கிடைத்தால்'. யாத்திரைத் திட்டம் என்பது எந்த இடங்களைச் சேர்ப்பது என்பதைவிட, எவற்றை விடுவது என்பதில்தான் இருக்கிறது. விட மனமில்லாதவர் எல்லாவற்றையும் பார்ப்பார். எதையும் தரிசிக்க மாட்டார்.

கட்டாயம் என்ற பத்தியில் முதல் வரி: குமரியன்னை சந்நிதி.

பாணாசுரனை வதைக்கக் கன்னியாக அவதரித்த அன்னைக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று என்றும், நள்ளிரவு முகூர்த்தத்துக்கு ஈசன் புறப்பட்டு வருகையில் நாரதர் சேவலாகிக் கூவ, விடிந்துவிட்டதென்று அவர் திரும்பினார் என்றும் தலபுராணம் கூறும். மணவிருந்துக்குச் சேர்த்த அரிசியும் பருப்பும் சமைக்கப்படாமல் கிடந்து பல நிற மணலாக மாறின என்பது மரபு. கரையில் இன்றும் செம்மணலும் கருமணலும் வெண்மணலும் கலந்து கிடப்பதைக் காணலாம். அன்னையின் மூக்குத்தி ஒளி கண்டு கலங்கரை விளக்கமென்று மயங்கி மரக்கலங்கள் பாறையில் மோதின என்றும், அதனாலேயே கிழக்கு வாயில் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் திறக்கப்படுகிறது என்றும் சொல்வார்கள். திருமணம் தடைப்பட்ட அன்னையிடமே நம் தாய்மார்கள் தம் பெண்களின் திருமணத்துக்கு வேண்டிக்கொள்கிறார்கள். அந்த ஏக்கத்தை அவளன்றி அறிபவர் யார்?

இரண்டாம் வரி: சுசீந்திரம். குமரியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். சிவன், திருமால், நான்முகன் மூவரும் ஒரே திருமேனியில் தாணுமாலயனாக எழுந்தருளிய தலம். அகலிகையிடம் பிழை செய்த இந்திரன் தூய்மை பெற்ற இடம் என்பதால் சுசீந்திரம். இன்றும் நள்ளிரவில் இந்திரனே வந்து பூசை செய்வதாக நம்பிக்கை. 18 அடி உயர ஆஞ்சநேயர், தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்கள், 134 அடி ராஜகோபுரம், பழம் கொன்றை மரம் எனப் பார்ப்பதற்கு மிகுதி. உள்ளே நடைதூரமும் மிகுதி. ஆதலால் மாலையில், உடல் ஓய்ந்தெழுந்த பிறகு போவது நலம்.

மூன்றாம் வரி: திருவட்டாறு. நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்விய தேசம். கோதையாறும் பறளியாறும் மாலையைப் போல் சூழ, ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத் திருமேனியோடு மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். திருமுகம், திருக்கரம், திருவடி என மூன்று வாயில்கள் வழியே தரிசிக்க வேண்டும். மூலவர் கடுசர்க்கரை என்னும் கலவையால் அமைந்தவர். ஆகவே அபிஷேகம் இல்லை. இத்தலத்தில் 418 ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. நானூறு ஆண்டு காத்திருந்த கோயில் என்று கேட்டதும் அம்மையார் முகத்தில் சிறு புன்னகை. "நம்ம பதினெட்டு வருஷம் பெரிசில்லை போல" என்றார். இக்கோயிலுக்குப் படிகள் உண்டு. காலை வெயில் ஏறுமுன் மெதுவாக ஏறலாம்.

அடுத்து ஒரு சிக்கல். திருவட்டாற்றிலிருந்து திரும்பும் வழியில் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. வேணாட்டு அரசர்களின் பழைய தலைநகர். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. மரவேலையும் கண்ணாடிபோல் வழுவழுத்த கருந்தரையும் காணக்காண வியப்பூட்டும். ஆசிரியராக இருந்தவருக்கு அதைப் பார்க்க நெடுநாள் ஆசை. ஆனால் உள்ளே குறுகிய, செங்குத்தான மரப்படிகள் பல.

மற்றொரு பக்கம் மண்டைக்காடு. கடற்கரையை ஒட்டிய பகவதி கோயில். அங்கே புற்றே அன்னையாக வளர்ந்து நிற்கிறது. மாசிக் கொடையின்போது பெண்கள் இருமுடி சுமந்து வருவதால் பெண்களின் சபரிமலை என்று பெயர் பெற்றது. ஒரே முற்பகலில் இரண்டும் ஆகாது. பெரியவர் மனைவியிடம் நோட்டை நீட்டினார்.

அம்மையார் சற்று யோசித்துச் சொன்னார்: "நமக்குச் சங்கரன்கோவில் புத்து மண்ணுதான் மருந்து. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா அதைத்தான் பூசினோம். அங்கேயும் புத்துதான் தாயாராம். பார்த்துட்டு வந்திருவோமே."

பெரியவர் அரண்மனையை அடித்தார். பிறகு, அடித்ததை அழித்துவிட்டு, 'கிடைத்தால்' என்ற பத்தியின் கீழ் எழுதிக்கொண்டார். மேமாதம் பேரப்பிள்ளைகளோடு வரும்போது அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளை ஏறிப் பார்க்கலாம்.

பாறைக்குப் போவதா?

குமரி என்றதும் எவருக்கும் நினைவில் வருவது கடலுக்குள் நிற்கும் விவேகானந்தர் பாறை. 1892 டிசம்பர் இறுதியில் சுவாமிகள் அங்கே தியானத்தில் அமர்ந்தார். ஏக்நாத் ரானடே அவர்களின் பெருமுயற்சியால் 1970-இல் நினைவு மண்டபம் எழுந்தது. அன்னை ஒற்றைக்காலில் தவம் செய்த திருவடிச் சுவடு உள்ள ஸ்ரீபாத மண்டபமும் அங்கேதான். பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. அறத்துப்பால் அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடத்தின்மேல் 95 அடிச் சிலை. மொத்தம் 133 அடி. கணபதி ஸ்தபதியார் வடித்த அச்சிலை 2004 ஆழிப்பேரலையையும் தாங்கி நின்றது. இவ்விரு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது.

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில்தான் செல்ல வேண்டும். காலை 8 மணியளவில் தொடங்கும். காற்று மிகுந்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் சேவை நிறுத்தப்படும். அது கடலின் விருப்பம். அலையில் ஆடும் படகில் ஏறவும் இறங்கவும் கால் தாவவேண்டும். ஆகவே முதியோர் பாறைப் பயணத்தைக் 'கிடைத்தால்' பத்தியில் வைப்பதே முறை. கடைசி நாளுக்கும் அதைத் தள்ளிவைக்கலாகாது. நடுவில் ஒரு காலையில் வைத்தால், அன்று படகு இல்லையெனினும் மறுநாள் ஒரு வாய்ப்பு மிஞ்சும். இரண்டு நாளும் இல்லையென்றால் கரையில் நின்று கைகூப்பலாம். அன்னையின் திருவடிச் சுவட்டை நோக்கிக் கரையிலிருந்து கூப்பிய கைக்கும் பலன் உண்டு.

முக்கடல் துறையில் நீராடுவோர் படித்துறையின் தடுப்புக்குள்ளேயே இருத்தல் வேண்டும். பாசிபடிந்த பாறையும் பின்னோக்கி இழுக்கும் அலையும் நீச்சல் அறிந்தவரையும் சாய்க்கும். முழங்கால் நோயுள்ளவர் ஒரு செம்பில் நீர் முகந்து தலையில் தெளித்துக்கொண்டால் போதும். சாத்திரம் உடலைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

நான்கு நாள் வரைவு

நோட்டில் எழுதிய வரைவு இதுதான்.

முதல் நாள் காலை கோவில்பட்டியில் இரயில். சென்னையிலிருந்து குமரி செல்லும் பாதையில் உள்ள நிலையம் அது. வண்டி சில நிமிடங்களே நிற்கும். ஆதலால் பெட்டி நிற்குமிடத்தை முன்பே கேட்டறிந்து நிற்க வேண்டும். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் தொடங்கும். முன்பு இருந்த 120 நாள் முறை 2024 நவம்பர் முதல் மாறிவிட்டது. சன்னல் வழியே வள்ளியூர் கடந்ததும் மலைத்தொடர் நெருங்கி வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழலும். நண்பகலுக்குள் அறையில் இறங்கி, உண்டு, உறங்கி, மாலையில் அன்னை தரிசனம். பிரார்த்தனை முதல் நாளிலேயே நிறைவேற வேண்டும். கடனை அடைத்துவிட்டுப் பார்க்கும் கடலே அழகு.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு வாடகைக் காரில் புறப்பட்டுத் திருவட்டாறு, அங்கிருந்து மண்டைக்காடு, பகலுணவுக்கு அறைக்குத் திரும்பி ஓய்வு. மாலை சுசீந்திரம்.

இவ்வட்டாரக் கோயில்களில் நடை பகலில் அடைக்கப்படும். மாலையில்தான் மீண்டும் திறக்கும். மதுரையிலோ நெல்லையிலோ பழகியவர்கள் நேரம் தவறிப் போய்ப் பூட்டிய கதவின்முன் வெயிலில் நிற்பது உண்டு. ஒவ்வொரு கோயிலின் நடை நேரத்தையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்கள் மேலாடையின்றித்தான் உள்ளே செல்லவேண்டும். வேட்டியும் துண்டுமே உகந்தவை.

மூன்றாம் நாள் சூரியோதயம். படகு ஓடினால் பாறை. ஓடாவிட்டால் மறுபடி அன்னை சந்நிதி. மாலையில் காந்தி மண்டபம். 1948 பிப்ரவரி 12 அன்று அண்ணலின் அஸ்தி இங்கே கடலில் கரைக்கப்படுமுன் மக்கள் வணங்க வைக்கப்பட்ட இடத்தில் அம்மண்டபம் நிற்கிறது. அக்டோபர் 2 நண்பகலில் அவ்விடத்தில் கதிரொளி விழுமாறு கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்தே அந்திக் கதிரவன் கடலில் இறங்குவதைக் காணலாம். அன்று வேறெங்கும் செல்ல வேண்டா. ஒரு நாளில் பாதி வெறுமனே அமர்ந்திருப்பதற்கு என்று ஒதுக்காத திட்டம் முதியோர் திட்டம் ஆகாது.

நான்காம் நாள் காலை நாகர்கோவில் நாகராஜர். கருவறைக் கூரை இன்றும் ஓலையால் வேயப்படுகிறது. அங்கே ஊறும் மண்ணே பிரசாதம். அது ஆறு மாதம் கருமையாகவும் ஆறு மாதம் வெண்மையாகவும் இருக்கும் என்பது நம்பிக்கை. தரிசனம் முடித்து நாகர்கோவிலிலேயே திரும்பும் இரயில், மாலைக்குள் கோவில்பட்டி.

பணமும் மருந்தும்

பயணம், தங்குதல், உணவு, கோயில் காணிக்கை, உள்ளூர் வண்டி என்று ஐந்து தலைப்பில் செலவை எழுதி, கூட்டுத்தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தார் பெரியவர். அது எதிர்பாராச் செலவுக்கு. மிஞ்சினால் அன்னதானத்துக்கு.

அறைக்கு முன்பணம் அனுப்பும்போது விழிப்பு வேண்டும். தங்கும் விடுதிகளின் பெயரில் போலி இணையப் பக்கங்கள் வைத்து முதியோரிடம் பணம் பறிப்போர் பெருகிவிட்டனர். தேடியதும் முதலில் கிடைக்கும் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பலாகாது. முன்பு போய்வந்த உறவினரிடமோ ஊராரிடமோ எண்ணைப் பெற்று, நேரில் பேசி, இயன்றால் அங்கே சென்றபின் செலுத்துவதே நலம். ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லலாகாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதம் குறையக் குறையப் பணம் மீளும் வாய்ப்பு கூடும். அறை தரைத்தளத்திலோ மின்தூக்கி உள்ள இடத்திலோ இருக்கிறதா, மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா என்ற இரு கேள்விகளையும் கூச்சமின்றிக் கேட்கலாம். காசியாத்திரையைக்கூட முழங்கால் தீர்மானிக்கும் வயது இது.

வழக்கமான மருந்து பயண நாட்களுக்கும் மேலாக இரண்டு நாட்களுக்கு. மருத்துவர் சீட்டின் நகல் இருவர் பையிலும் ஒவ்வொன்று. நீரிழிவுள்ளவர் தரிசன வரிசையில் நிற்கும் நேரத்தை எண்ணிச் சிற்றுண்டி வைத்துக்கொள்ள வேண்டும்; பட்டினியாக நின்று மயங்கி விழுவதை எந்தத் தெய்வமும் விரும்பாது. ஆபத்துக்கு 108. நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பணத்தை ஒரே பையில் வைக்காமல் மூன்றிடத்தில் பிரித்து வைத்தல் நம் முன்னோர் முறை. இன்றும் அதைவிடச் சிறந்த முறை வரவில்லை.

பக்கத்து வீட்டில் சாவி; காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் செய்தி; பூசையறையில் விளக்கேற்ற ஒரு நம்பிக்கையான கை. இம்மூன்றும் முடிந்தால் மனம் வீட்டில் இராது.

மகனுக்கு என்ன சொல்வது?

இதுதான் எல்லாவற்றினும் கடினமான வரி. டிசம்பர் பயணத்துக்கு நாங்கள் வரவில்லை, தையில் இருவரும் தனியே போகிறோம் என்றதும் மகன் பதறினான். "இந்த வயதில் தனியாகவா? ஏதாவது ஆகிவிட்டால்? அப்பா, நான் அழைத்துப் போக மாட்டேனா?" குரலில் அச்சமும் இருந்தது, சிறிது மனவருத்தமும் இருந்தது.

பெரியவர் வாதாடவில்லை. நோட்டைத் திறந்து தேதி, வண்டி, விடுதி, நடை நேரம், மருத்துவமனை எல்லாவற்றையும் வாசித்தார். நாள்தோறும் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் தாமே அழைப்பதாகச் சொன்னார். மகன் கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் அச்சத்தைக் கோபத்தால் வெல்ல முடியாது. ஒழுங்கான திட்டத்தால்தான் தணிக்க முடியும்.

பிறகு அம்மையார் தொலைபேசியை வாங்கினார். "கோவிச்சுக்காதய்யா. மே மாசம் நீ வா. பிள்ளைகளோட போவோம், உன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாறைக்கும் வாறேன். அது சந்தோஷத்துக்கு. இப்பப் போறது கடனுக்கு. கடனை நான்தான் வாங்கினேன், நான்தான் கொடுக்கணும். இன்னும் ரெண்டு வருஷம் போனா இந்தக் கால் வராது. உன் காரும் என்னைக் கோயில் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோகும்."

மறுமுனையில் சற்று நேரம் அமைதி. "சரிம்மா. அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் அப்பாவை" என்றான். பிறகு, "கார் ஓட்டுநர் எண்ணையும்" என்று சேர்த்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் சங்கரன்கோவில் சென்றார்கள். கோமதியம்மன் சந்நிதியில் விண்ணப்பித்துவிட்டுப் புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். கடைவீதியில் அரக்கு நிறத்தில் ஒரு புதிய பட்டுப்புடவை எடுத்தார்கள். விலையுயர்ந்தது அன்று, குறையில்லாதது. இற்றுப்போன பழைய புடவையை என்ன செய்வது என்று கணவர் கேட்டார். அம்மையார் அதை எறியவில்லை. கிழியாத பகுதியை வெட்டி, பூசையறைத் திரைக்குக் கரை வைத்துத் தைத்துக்கொண்டார். தள்ளிப்போட்ட பதினெட்டு ஆண்டுகளை நாள்தோறும் பார்த்துக்கொள்ள அது உதவும் என்றார்.

புதிய புடவையை இம்முறை பீரோவில் வைக்கவில்லை. பயணப் பையின் அடியிலேயே வைத்துவிட்டார். அருகில் ஒரு சிறு பித்தளைச் சம்புடம். அதில் பாதியளவு புற்று மண். மீதிப் பாதி, நாகராஜர் சந்நிதி மண்ணுக்கு. கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெய்வம் தரும் பிரசாதமும் மண்ணாகவே வாய்த்திருக்கிறது. புற்றாகவும் மணலாகவும் கடற்கரை நிறங்களாகவும்.

வேண்டுதலை நிறைவேற்றாத வீடுகள் நம்மில் பல உண்டு. பிள்ளைகள் வரட்டும், அறுவடை முடியட்டும், கால் வலி குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். இதை வாசிக்கும் பெரியோர்கள் இன்று மாலை விளக்கேற்றிய பின், பஞ்சாங்கத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு அமர்வார்களாக. போக வேண்டிய ஒரே ஒரு தலத்தின் பெயரையும், அதன் எதிரே ஒரு தேதியையும் எழுதினால் போதும். குமரியன்னை யுகயுகமாகக் காத்திருப்பவள், இன்னும் காத்திருப்பாள். நம் முழங்கால் காத்திராது.